பின்பக்கத்துப் பன்னிரண்டு வரி

மின்கட்டண பில்லின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஐயா. வேலையில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். எவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிடுவார்கள் என்று. அது தப்பு. படிக்கிறார்கள். பணம் கட்டும் வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்கிறவர் வேறு எதைப் படிப்பார்?

பின்பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் பன்னிரண்டு வரி. பதினாறு வருஷமாக அதை எழுதுகிறவன் நான். மின் அலுவலகத்தில் என் பதவிக்கு மக்கள் தொடர்பு அலுவலர் என்று பெயர். கரண்ட் நிறுத்தப்போகும் அறிவிப்பை எழுதுவது, இந்தப் பன்னிரண்டு வரியை எழுதுவது, புகார்ப் பிரிவில் ஆள் இல்லாதபோது போனை எடுப்பது, இவ்வளவுதான் வேலை. நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

திட்டம் எளிமையானது. உங்கள் பில் முந்நூற்று நாற்பத்தாறும் அறுபது காசும் என்றால், முந்நூற்று நாற்பத்தேழாகக் கட்டுவீர்கள். மிச்ச நாற்பது காசு பொதுநிதிக்குப் போகும். சம்மதம் என்றால் கட்டத்தில் டிக் போட்டுக் கொடுக்க வேண்டும். நாற்பத்தோராயிரம் வீடுகளில் பாதிக்கு மேல் டிக் போட்டிருந்தார்கள். அந்தச் சில்லறையைச் சேர்த்து ஊருக்குச் சின்னச் சின்ன உதவிகள் செய்தோம். பேருந்து நிறுத்தத்துக்கு பெஞ்சு, படிப்பகத்துக்கு வெள்ளையடிப்பு, சந்துக்கு ஒரு விளக்கு, இப்படி. சிறு துளி பெரு வெள்ளம் என்று கட்டத்தின் மேலே போட்டிருக்கும். நாற்பது காசு கொடுத்தவர்கள் அணை கட்டிக் கொடுத்த மாதிரி நடந்துகொண்டார்கள். ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவரிடம், "இதுல என் காசும் இருக்கு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றதை என் காதால் கேட்டிருக்கிறேன். எங்கள் மேலாளரும் சளைத்தவர் இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எல்லா உதவியையும் அவரே போட்டோவில் நின்று வழங்குவார்.

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. கொடுத்தவனுக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அதைத்தான் என் பன்னிரண்டு வரி செய்தது. ஒரே ஒரு சங்கடம். பின்பக்கத்தை அச்சகத்தில் முன்கூட்டியே மொத்தமாக அடித்துவிடுவார்கள். முன்பக்கத்து எண்களை மட்டும் பிறகு எங்கள் இயந்திரம் அடிக்கும். ஆகவே நான் ஐந்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுப்பது, ஊருக்குப் போய்ச் சேர்வது அடுத்த மாதம் ஒன்றாம் தேதி. நடக்கப்போவதை நடந்ததாக எழுத வேண்டும். பெஞ்சு இன்னும் தச்சுப் பட்டறையில் கிடக்கும்போதே "பெஞ்சில் அமர்ந்து முதியவர்கள் மகிழ்கிறார்கள்" என்று எழுத வேண்டும். இது பழகிவிட்டால் கஷ்டமில்லை. ஊரும் பெரும்பாலும் நான் எழுதியபடியே நடந்துகொண்டது.

ஒரு தடவை நடந்துகொள்ளவில்லை. ஆறு பெஞ்சு என்று எழுதியிருந்தேன். நான்குதான் போட்டார்கள். அந்த மாதம் ஒரு உறை வந்தது. உள்ளே பில்லின் பின்பக்கம். "ஆறு" என்ற சொல்லைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் "நான்கு. போய் எண்ணிப் பார்த்தேன்" என்று எழுதியிருந்தது. அப்படித்தான் எனக்கு புரூஃப் அம்மா அறிமுகமானார். பாடப்புத்தக அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர். கையெழுத்தின் கீழே வேலையையும் எழுதுவார், அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் புரூஃப் அம்மா.

மறுப்பு போட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. அச்சில் ஏறியது ஏறியதுதான். என் சம்பளத்திலிருந்து இரண்டு பெஞ்சு செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டு வந்தேன். இப்போது ஆறு. பிறகு படிப்பகச் சுவர் நீலம் என்று எழுதிவிட்டேன், அவர்கள் பச்சை அடித்துவைத்திருந்தார்கள். நானே ஆள் வைத்து நீலம் அடித்தேன். என் மனைவி, "எல்லாரும் எழுதினதைத் திருத்துவாங்க. நீங்க ஊரைத் திருத்துறீங்க" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது மரம். சந்து விளக்கை மறைத்த மரம் அகற்றப்பட்டது என்று எழுதியிருந்தேன். சந்துக்காரர்கள் கூடாது என்று மரத்தடியில் நின்றுவிட்டார்கள். கம்பியில் கிளை உரசுகிறது என்று ஒரு குறிப்பு எழுதி எங்கள் ஆட்களையே அனுப்பினேன். மதியத்துக்குள் முடிந்தது. அந்த நிழலில் மெஷின் போட்டிருந்த தையல்காரர் ஒரு வாரம் அலுவலகத்துக்கு வந்து திட்டினார். அச்சில் இருந்ததைக் காட்டினேன், போய்விட்டார். புரூஃப் அம்மா மட்டும் அந்த மாத பில்லில் இப்படி எழுதி அனுப்பினார்: "தகவல் இப்போது சரி. நேற்று வரை தவறாக இருந்தது. மரத்துக்கு வயது அறுபது."

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் அனுப்பிய நாற்பத்தேழு திருத்தங்களையும் தேதிவாரியாக அடுக்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதைக் கோபம் என்று யார் சொல்வார்கள்?

போன வருஷம் டிக் குறைய ஆரம்பித்தது. மாதம் நூறு பேர், இருநூறு பேர் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "உங்க கதையில எல்லாரும் பெஞ்சுல உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருக்காங்க சார். காசு குடுக்கறவனுக்குக் கொஞ்சமாவது கண்ணு கலங்க வேணாமா? ஒருத்தர் கூடவா சாக மாட்டாங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சுகமாக இருப்பவனுக்கு யார் சில்லறை போடுவார்கள்?

அந்தச் சமயத்தில்தான் புரூஃப் அம்மாவின் விண்ணப்பம் வந்தது. அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. அச்சு மையைச் சுவாசித்துச் சுவாசித்து வந்தது என்றார். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் கரண்டில் ஓடும், மூக்கில் குழாய். கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி வேண்டும் என்று கேட்டிருந்தார். கடைசி வரி எனக்கு மனப்பாடம். "கரண்டை நிறுத்துவதும் நீங்கள், பேட்டரி தருவதும் நீங்கள் என்பதால் நன்றி சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்று நினைக்கிறேன்." பொதுநிதிக் குழுவில் எல்லோரும் சிரித்துவிட்டு அனுமதித்தார்கள். பேட்டரி போயிற்று. மேலாளர் போட்டோவில் நின்றார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நான்காம் தேதி, அவருடைய அக்கா மகள் போன் செய்தாள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டே பேர். இவள் காலையில் வேலைக்குப் போனால் மாலைதான் வருவாள். "சித்தியை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு சார். நாலஞ்சு நாள்தான்னு சொல்லிட்டாங்க. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கன்னு டாக்டரே சொல்றாரு" என்று அழுதாள். ஆறுதல் சொன்னேன். போனை வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். மறுநாள் ஐந்தாம் தேதி.

அன்று எழுதியதுதான் என் எழுத்திலேயே சிறந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. எழுத்துப் பிழைகளோடு வாழ்நாள் முழுவதும் போராடிய ஒரு பெண், உங்கள் சில்லறைக் காசு தந்த பேட்டரியின் துணையோடு, சென்ற மாதம் தன் வீட்டில் நிம்மதியாகக் கண் மூடினார் என்று முடியும். அவருடைய பேட்டரி இப்போது இன்னொருவருக்கு மூச்சு தருகிறது என்று ஒரு வரி. மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் எதையும் துடைத்து நான் பார்த்ததில்லை.

பதினாறாம் தேதி அக்கா மகள் மறுபடி போன் செய்தாள். சித்தி வீட்டுக்கு வந்துவிட்டார், கஞ்சி குடித்தார், சிவப்புப் பென்சில் கேட்டார் என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அச்சகத்திலிருந்து நாற்பத்தோராயிரம் தாள் அதற்கு முந்தின நாளே வந்து, கட்டுக்கட்டாக நடைவழியில் கிடந்தது.

அச்சகக்காரரிடம் கேட்டேன். திரும்ப அடிக்க ஒரு வருஷத்துச் சில்லறை போகும் என்றார். சில்லறைக் காசு கொடுத்த மக்களின் பணம், ஐயா. என் தவறுக்காக அதை வீணாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலாளரிடம் போனேன். அவர் கோப்பிலிருந்து தலை தூக்கவில்லை. "எழுதினது நீங்க. நீங்களே பாத்துக்குங்க" என்றார். பார்த்துக்கொண்டேன். சென்ற மாதம் என்று எழுதியிருந்தேன். அந்த மாதத்தில் பதினான்கு நாள்தான் மீதி இருந்தது.

இயற்கையாக நடக்கும் என்று ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்திருந்தேன். என்னை அவசரக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது. நடக்கவில்லை. அவர் தெருவில் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவது என்று முன்பே முடிவாகியிருந்தது. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பை எழுதுவது மட்டுமே என் வேலை. வீட்டில் மருத்துவக் கருவி வைத்திருப்பவர்களின் பட்டியல் ஒன்று என்னிடம் உண்டு. அவர்களுக்கு முன்தினம் போன் செய்து சொல்ல வேண்டும். அந்தத் தெருவுக்கான தாளில் ஒரே ஒரு பெயர்தான். நான் போன் செய்யவில்லை. நேரிலேயே போனேன்.

அவர் சன்னலோரம் மேசை போட்டு, மூக்கில் குழாயோடு செய்தித்தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். பேட்டரியைச் சர்வீஸுக்கு எடுத்துப்போக வந்ததாகச் சொன்னேன்.

"நல்லாத்தானே தம்பி ஓடுது."

"வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துடறது நல்லதும்மா. ரெண்டே நாள்."

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் பாப்பேன். முப்பத்தொரு வருஷம் பல்லைப் பாத்தே சம்பளம் வாங்கினவ" என்று சிரித்து, இருமினார். பிறகு ரசீது கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். "வாங்கிக்கிட்ட தேதி இருக்கு. திருப்பிக் குடுக்கற தேதி இல்லையே?"

"அதை ஆபீஸ்ல போட்டுக் குடுப்பாங்கம்மா."

வாயால் இரண்டு நாள் என்று சொல்லலாம். காற்றோடு போய்விடும். எழுத்தில் போடக் கை வரவில்லை. நான் அப்படிப்பட்டவன்.

அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வீட்டில் இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, காலியாக. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தீர்ந்துவிட்டது. அதை நிரப்ப நிதியிலிருந்து உதவி கிடைக்குமா என்று அக்கா மகள் கேட்டபோது, விண்ணப்பம் கொடும்மா, குழு அடுத்த மாதம் இருபதாம் தேதி கூடுகிறது என்று சொல்லியிருந்தேன். விதி அப்படி. ஒருவருக்கு வளைத்தால் எல்லோருக்கும் வளைக்க வேண்டியிருக்கும்.

பேட்டரியை அன்று மாலையே அடுத்த விண்ணப்பக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டேன். அவரும் மூச்சுக் கோளாறு உள்ளவர், கையெடுத்துக் கும்பிட்டார். பன்னிரண்டு வரியில் ஒரு வரி உண்மையாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை, புகார்ப் பிரிவுப் பெண்ணுக்குப் பல் வலி. மருத்துவரிடம் போய்விட்டு வாம்மா, போனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கைப்பையை எடுத்தவள் வாசலில் நின்று, "இன்னைக்குப் புரூஃப் அம்மா தெருதானே சார்? சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். நேரில் போய் வந்ததைச் சொன்னேன். நல்ல மனசு சார் உங்களுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் படியிறங்கியதும் போன் அடித்தது. குரலைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். ஆயுசு நூறும்மா உங்களுக்கு."

"உங்க பில்லுல அப்படிப் போடலையே தம்பி" என்றார்.

வீடு வீடாகப் பில் போடுகிறவன் தன் சௌகரியத்துக்கு அந்தத் தெருவில் ஒரு நாள் முன்னதாகவே போட்டுவிட்டிருக்கிறான். இந்த ஊரில் யாரும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவரே, "சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். இந்தத் தடவை பெரிய தப்பு, தனியா லெட்டர் போடறேன். கரண்ட் எப்ப வரும்?" என்றார்.

"பத்து நிமிஷம்மா."

எங்கள் அலுவலகத்தில் யார் எப்போது கேட்டாலும் பதில் அதுதான். மரம் விழுந்தாலும் பத்து நிமிஷம், டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தாலும் பத்து நிமிஷம். நான் வேலைக்கு வருவதற்கு முன்பே அந்தப் பத்து நிமிஷம் அங்கே இருந்தது. ஊரில் ஒருவரும் அதை நம்புவதில்லை, கேட்டுவிட்டு மெழுகுவத்தி வாங்கப் போவார்கள். அவர் நம்பினார். இத்தனை வருஷம் திருத்தியதில் நான் திருந்தியிருப்பேன் என்று எண்ணினாரோ என்னவோ. இரண்டு மணி என்று நான் சொல்லியிருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார். எனக்கு அது தெரியும்.

பத்து ஐம்பதுக்கு மறுபடி கூப்பிட்டார். பேச்சு துண்டு துண்டாக வந்தது. பத்து நிமிஷம் என்றேன். பதினொன்றே காலுக்கு மூன்றாவது முறை. அப்போது அவர் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. இருந்தாலும் கேள்வி என்ன என்று தெரிந்ததால் அதே பதிலைச் சொன்னேன். அதன் பிறகு போன் வரவில்லை. பல் வலிக்காரப் பெண் கன்னம் வீங்கி வந்தாள். நான் என் இடத்துக்குப் போய் மறுநாளைய அறிவிப்பை எழுதினேன்.

ஒன்றாம் தேதி பில் ஊருக்குப் போயிற்று. ஒரு தகவலும் தப்பில்லை. மேலாளர், "நல்லவேளை" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கோப்பைப் புரட்டினார். இந்த மாதம் புதிதாக ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் டிக் போட்டார்கள். இதுவரை இல்லாத எண்ணிக்கை. ஒரு வீட்டில் படிக்கும்போதே அழுததாகப் பில் போடுகிறவன் சொன்னான். நாற்பது காசுக்கு அவ்வளவு அழுகை கிடைத்தால் யார்தான் போட மாட்டார்கள்?

நீங்கள் மேசைமேல் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அவருடைய பில், அதை அக்கா மகள் மூன்று வாரம் தொடவே இல்லையாம். தொட்டதும் உங்களிடம் கொண்டுவந்துவிட்டாள். ஓரத்தில் மூன்று நேரங்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "10 நிமிஷம்" என்று போட்டிருக்கிறார். கடைசி எழுத்து கோணிக்கொண்டு போகிறது. அது உங்களுக்குச் சாட்சி. எனக்கு வேறொன்று படுகிறது. முதலில் சாவு வரியை முழுவதும் சிவப்பில் அடித்திருக்கிறார். பிறகு அடித்த சொற்களின் கீழே புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார். மெய்ப்புத் திருத்துகிறவர்களின் வழக்கம் அது. தெரியாமல் அடித்துவிட்டேன், அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். அதாவது, தகவல் சரிதான் என்று கடைசியில் அவருக்கே தெரிந்துவிட்டது. ஒரு சொல்லுக்கு மட்டும் புள்ளி வைக்கவில்லை. "நிம்மதியாக" என்பது அடித்தது அடித்தபடியே இருக்கிறது.

அந்தத் திருத்தத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். அவர் செய்த நாற்பத்தெட்டாவது திருத்தம் அது. இழுப்பறையில் மற்றவற்றோடு சேர்த்துவைக்க வழி உண்டா என்று பாருங்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். எனக்கு இப்போது வேறு ஒரு கவலை. அடுத்த பில்லுக்கான பன்னிரண்டு வரியையும் இந்த ஐந்தாம் தேதியே கொடுத்துவிட்டேன், அச்சாகி வந்திருக்கும். மக்கள் அவரைப் பற்றியே இன்னும் கேட்டார்கள், அதனால் அவரைப் பற்றியே எழுதினேன். அவரை நன்கு அறிந்திருந்த எங்கள் அலுவலர் ஒருவர் அவருக்காக அழுதார் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த அலுவலர் நான்தான். இன்று இருபத்திரண்டு. ஒன்றாம் தேதிக்கு இன்னும் பத்து நாள். நானும் முயன்று பார்க்கிறேன், அழுகை இன்னும் வரவில்லை. அச்சில் என் சொல் இதுவரை பொய்யானதில்லை, இதுவும் ஆகாது.

கொஞ்சம் உட்காருங்கள், ஐயா. பத்து நிமிஷத்தில் வந்துவிடும்.